எளியவருக்கு இடம் தருமா பந்தய விதி?

தேசிய விளையாட்டு நிர்வாக மசோதா 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. பிகார் வாக்காளர் பட்டியல் திருத்தம் குறித்து விவாதம் கோரி எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கங்களுக்கு நடுவே நிறைவேறிய அந்த மசோதாவைப் பற்றி வெளியில் நடந்த பேச்சு, பெரும்பாலும் கிரிக்கெட் வாரியத்தையும் 2036 ஒலிம்பிக் கனவையும் சுற்றியே அமைந்தது. சம்மேளனங்களின் பதவிகளில் யார் அமர்வது என்பது விரிவாக அலசப்பட்டது. ஆனால், போட்டியின் விதிகளை எழுதுவது யார், அந்த விதிகளால் விளையும் செலவைச் சுமப்பது யார் என்ற கேள்வி அதிகம் எழவில்லை.

இந்தக் கேள்வி மற்ற எந்த விளையாட்டையும்விடக் கூர்மையாக எழுவது மோட்டார் பந்தயத்தில்தான். ஓட்டப் பந்தயத்தில் காலணியும், கிரிக்கெட்டில் மட்டையும் ஓரளவுக்கு மேல் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. கார் பந்தயத்திலோ கருவியே பாதி ஆட்டம். அந்தக் கருவிக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதை விதிப்புத்தகம்தான் முடிவு செய்கிறது.

கார் பந்தயம் என்றாலே செல்வந்தர்களின் கேளிக்கை என்ற எண்ணம் தலைநகரில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. கிரேட்டர் நொய்டாவில் ஃபார்முலா ஒன் பந்தயம் நடத்த ஏற்பாடுகள் நடந்தபோது, அது விளையாட்டு என்பதைவிடக் கேளிக்கையே என்ற நிலைப்பாட்டை மத்திய விளையாட்டு அமைச்சகம் 2009-ல் எடுத்தது. 2011 முதல் 2013 வரை மூன்று பந்தயங்கள் நடந்தன. அதன் பிறகு வரிச் சிக்கல்களும் வழக்குகளும்தான் மிஞ்சின. ஹைதராபாதில் 2023 பிப்ரவரியில் ஃபார்முலா இ பந்தயம் நடந்தது. தெலங்கானாவில் ஆட்சி மாறிய பின் அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தாகி, அதற்காகச் செலுத்தப்பட்ட பணம் தொடர்பாக ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 2024 ஆகஸ்ட் இறுதியில் நடந்த இரவு நேரச் சாலைப் பந்தயமும் நீதிமன்றப் படியேறிய பிறகே நடந்தது. இந்த விவாதங்கள் அனைத்தும் உச்சியில் நடக்கும் பந்தயங்களைப் பற்றியவை. அடிப்படியில் நிற்பவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

அந்த அடிப்படியில் இருப்பவர்கள் பெருஞ்செல்வந்தர்கள் அல்லர். சொந்தமாக மெக்கானிக் கடை நடத்துபவர், பொறியியல் கல்லூரி மாணவர், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வார இறுதியில் காரோட்டும் மென்பொருள் ஊழியர் போன்றவர்களே அங்கு அதிகம். அவர்கள் வெளியே தள்ளப்பட்டால், மேலே வருவதற்கு வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே எஞ்சுவார்கள். அடிப்படை நிலைப் பந்தய விதிகள் பொது அக்கறைக்கு உரியவை என்பதற்கு இதுவே காரணம்.

இதை நன்கு உணர்ந்தவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார் வாங்கி வருவது பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாக இருந்த 1980-களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் என்ஜினைப் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை அவர் உள்நாட்டிலேயே உருவாக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்ற அந்தப் பிரிவு, தெருமுனைக் கடையில் கிடைக்கும் உதிரிபாகங்களைக் கொண்டு பந்தயம் ஓட்ட வழி செய்தது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியது இந்தக் காரைத்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையம் பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செலவு குறைவாக இருக்க வேண்டும். போட்டி நியாயமாக இருக்க வேண்டும். அடிப்படை நிலைப் பந்தயத்தை நடத்தும் எந்த அமைப்பும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் வாக்களிக்கிறது. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நடைமுறையில் ஒன்றை இறுக்கிப் பிடித்தால் மற்றொன்று நழுவிவிடுகிறது. விதிகளைத் தளர்த்தி, கையில் இருக்கும் காரைக் கொண்டு வரலாம் என்றால் நுழைவுச் செலவு குறையும். ஆனால், அதிகம் செலவிட்டவர் வெல்வார். விதிகளை இறுக்கி, அனைவரும் ஒரே வகைக் காரைத்தான் ஓட்ட வேண்டும் என்றால் சமத்துவம் கிடைக்கும். ஆனால், அந்தக் காரை வாங்க வசதியில்லாதவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

முதல் வழி விலை உச்சவரம்பு. இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் 1967 ஜூலையில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டு பிரிவு இதற்குப் பேர்போன உதாரணம். சாதாரண ஃபோர்டு காரின் என்ஜின், சாலையில் ஓடும் டயர், முழுக் காரின் விலை ஆயிரம் பவுண்டுக்குள் என்பது அதன் தொடக்கக் கொள்கை. பின்னாளில் உலக சாம்பியனான அயர்டன் சென்னா 1981-ல் இங்கிலாந்தில் ஓட்டியது இந்தப் பிரிவில்தான். அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய 'லெமன்ஸ்' பந்தயம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாதுகாப்புச் சாதனங்கள் நீங்கலாகக் காரின் மதிப்பு 500 டாலரைத் தாண்டக் கூடாது என்றது அதன் விதி. அதிகம் செலவிட்டதாக நடுவர்கள் கருதினால், ஓடிய சுற்றுகளில் ஒரு பகுதி கழிக்கப்படும். அந்த 500 டாலரைக் கொடுத்துக் காரையே எடுத்துக்கொள்ளும் உரிமையும் அமைப்பாளர்களுக்கு இருந்தது. அமெரிக்க மண்தடப் பந்தயங்கள் சிலவற்றிலும், வென்றவரின் என்ஜினைக் குறிப்பிட்ட விலைக்குச் சக போட்டியாளரே கேட்டு வாங்கலாம் என்ற விதி உண்டு. குறைந்த விலைக்குப் பறிபோகக்கூடிய பொருளில் எவரும் பெரும்பணத்தைக் கொட்ட மாட்டார்கள் என்ற எளிய கணக்கே இதன் அடிப்படை.

உச்சவரம்பு மட்டும் போதாது என்பதை இந்திய வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளரின் செலவு வரம்பு 2022 ஜனவரியில் ரூ. 70 லட்சத்திலிருந்து ரூ. 95 லட்சமாக உயர்த்தப்பட்டது. வேட்பாளர் தாக்கல் செய்யும் கணக்கு அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. கட்சியின் செலவுக்கோ வரம்பே இல்லை. வேட்பாளர்களுக்கு இடையே சமநிலை ஏற்பட்டுவிட்டதாகத் தேர்தலைப் பார்த்த எவரும் சொல்ல மாட்டார்கள். பந்தயத்திலும் இதே நிலைதான். காரின் விலைக்கு வரம்பு விதித்தால், பணம் பயிற்சிக்கும் டயருக்கும் மெக்கானிக்குக்கும் பாய்கிறது. ஃபார்முலா ஒன் அணிகளுக்கு 2021-ல் 14.5 கோடி டாலர் செலவு வரம்பு விதிக்கப்பட்டது. முதல் ஆண்டிலேயே ரெட்புல் அணி அதை மீறியதாகக் கண்டறியப்பட்டு, 2022-ல் 70 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளர்கள் தேவைப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் நடத்தும் ஒரு மோட்டார் சங்கத்திடம் தணிக்கையாளர் படை ஏது?

அதோடு, விதி எழுதுபவரைவிட விதியைப் படிப்பவர் எப்போதும் கூர்மையானவர். இங்கிலாந்தின் '750 மோட்டார் கிளப்' பழைய ஆஸ்டின் செவன் கார்களைக் கொண்டு எளியவர்களுக்காகப் பந்தயம் நடத்தி வந்தது. 1951-ல் காலின் சாப்மன் என்ற இளம் பொறியாளர், இணைந்திருந்த காற்றுவழிகளைத் தனித்தனியாகப் பிரித்து, விதியை மீறாமலேயே என்ஜினின் திறனைக் கூட்டினார். மற்றவர்களால் அவரை நெருங்க முடியவில்லை. அடுத்த பருவத்துக்குள் அந்த உத்தியைத் தடை செய்ய நேர்ந்தது. லோட்டஸ் நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய அந்த மேதையைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், ஒருவரின் கெட்டிக்காரத்தனத்துக்கு மற்ற எல்லோரும் பணம் செலவிட்டு ஈடுகொடுக்க வேண்டிய நிலை வந்தால், எளியவர்களுக்கான பந்தயம் அதோடு முடிந்துவிடும்.

இரண்டாவது வழி, அனைவருக்கும் ஒரே கார். இந்தியாவில் இன்று பெரிதும் பின்பற்றப்படுவது இதுவே. மாருதியின் 1300 சி.சி. என்ஜின் பொருத்திய எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்கள் கோவையில் உருவானவை. தேசிய அளவிலான பந்தயங்களில் புதியவர்களுக்கு அவை நீண்ட காலமாகப் படிக்கட்டாக இருந்து வருகின்றன. 2010-ல் தொடங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ கோப்பையில், ஒரே மாதிரியான கார்களை நிறுவனமே பராமரித்து அளித்தது. ஓட்டுநர் கட்டணம் செலுத்தி ஓட்டினால் போதும். கார்ட்டிங் எனப்படும் சிறுவண்டிப் பந்தயத்தில் ரோடாக்ஸ் என்ஜின்கள் முத்திரையிடப்பட்டே வருகின்றன. அங்கீகாரம் பெற்றவர் அன்றி வேறு எவரும் அவற்றைப் பிரிக்க முடியாது.

இந்த ஏற்பாட்டில் நியாயம் கூடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், செலவு மறைந்துவிடுவதில்லை; இடம் மாறுகிறது. என்ஜினைச் சொந்தக் கையால் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக், முத்திரையிட்ட என்ஜினுக்குக் கட்டணம் கட்டும் வாடிக்கையாளராகிவிடுகிறார். பணத்துக்குப் பதிலாக உழைப்பைப் போடும் வாய்ப்பு அவருக்கு இல்லாமல் போகிறது. காரையும் டயரையும் உதிரிபாகத்தையும் ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டும் என்றால், விலையைத் தீர்மானிப்பது விற்பவர்தான். இந்தியாவில் மோட்டார் பந்தயத்தைப் பல பத்தாண்டுகளாக உயிரோடு வைத்திருப்பவை எம்.ஆர்.எஃப்., ஜே.கே. டயர் போன்ற டயர் நிறுவனங்கள்தாம். அவற்றின் ஆதரவு இல்லையேல் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் இத்தனை பந்தயங்கள் நடந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும், ஆதரவாளர்களின் தயவை மட்டுமே நம்பியிருக்கும் அமைப்பில், டயரின் விலையும் எண்ணிக்கையும் ஓட்டுநரின் கைக்கு அப்பாற்பட்டவை என்பதை மறுக்க முடியாது.

கார்கள் ஒன்றாக இருந்தாலும் ஓட்டுநர்களின் நிலை ஒன்றாவதில்லை. ஒரே தொழிற்சாலையில் தயாரான பத்து என்ஜின்களிலும் மயிரிழை வேறுபாடு இருக்கும். பத்தையும் வாங்கிச் சோதித்துச் சிறந்ததைப் பொருத்திக்கொள்பவருக்கும், கிடைத்த ஒன்றைப் பொருத்திக்கொள்பவருக்கும் இடையிலான வித்தியாசம் எந்த விதியிலும் தெரியாது. பந்தயத்துக்கு முன் தடத்தை வாடகைக்கு எடுத்துப் பல நாள்கள் பயிற்சி செய்பவர், புதிய டயர்களைத் தேய்த்துத் தள்ளுபவர், கணினியில் தரவுகளை ஆராயப் பொறியாளரை அமர்த்துபவர் என விதிக்கு உட்பட்டே பணம் வேகமாக மாறும் வழிகள் பல. ஆகவே காரின் விலையோடு நின்றுவிடாமல், ஒரு பருவத்துக்கு இத்தனை டயர், இத்தனை பயிற்சி நாள் என்று வரையறுப்பதே பலன் தரும். எண்ணக் கூடியதற்கு வரம்பு விதித்தால் கண்காணிக்க முடியும். ரசீதுக்கு வரம்பு விதித்தால் ரசீதுதான் மாறும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு செலவு அதிகம் கண்ணில் படுவதில்லை. அது நியாயம் கேட்பதற்கான செலவு. சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனத்தின் விதித்தொகுப்பைப் பின்பற்றும் பந்தயங்களில், எதிராளியின் கார் விதிக்கு முரணானது என்று முறையிட விரும்புபவர் கட்டணம் செலுத்த வேண்டும். என்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் அதற்கான செலவுக்கும் வைப்புத் தொகை கட்ட வேண்டும். முறையீடு சரியென்றால் பணம் திரும்பக் கிடைக்கும். இல்லையேல் அது போனதுதான். வீண் புகார்களைத் தடுக்க இந்த ஏற்பாடு அவசியம் என்பது உண்மையே. ஆனால், அடுத்த பந்தயத்துக்கு டயர் வாங்க வைத்திருக்கும் பணத்தைப் பணயம் வைத்து எந்த இளைஞர் முறையிடுவார்? சந்தேகத்தை மனதில் சுமந்தபடி வீடு திரும்புவார். இரண்டு பருவங்களுக்குப் பிறகு வராமலேயே போவார். வழக்குச் செலவுக்கு அஞ்சி உரிமையை விட்டுக்கொடுக்கும் சாமானியரின் நிலைக்கும் இதற்கும் வேறுபாடில்லை.

பரிசோதனையும் முன்புபோல் எளிதல்ல. கார்புரேட்டர் காலத்தில் அளவுகோலைக் கொண்டு பிஸ்டனையும் வால்வையும் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். இன்றைய கார்களின் என்ஜினை இயக்குவது மின்னணுப் பெட்டியும் அதற்குள் இருக்கும் மென்பொருளும். அதில் செய்யப்படும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. பந்தயத்தன்று காலையில் இந்தப் பெட்டிகளை அமைப்பாளர்களே குலுக்கல் முறையில் வழங்கலாம். அல்லது இரண்டு போட்டியாளர்களின் பெட்டிகளை மாற்றிப் பொருத்தச் சொல்லலாம். பெரும் செலவில்லாத இத்தகைய ஏற்பாடு, ஆயிரம் பக்க விதியைவிட நம்பிக்கை தரும்.

அடிக்கடி விதியை மாற்றுவதும் ஒரு மறைமுக வரியே. கடன் வாங்கிக் கட்டிய காரை ஒரே சுற்றறிக்கை பழைய இரும்பாக்கிவிடும். மாருதி 800 காரின் உற்பத்தி 2014-ல் நின்றது; பந்தயத்துக்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளும் கார் சந்தையில் கிடைக்கும் வரைதான் மலிவு நிலைக்கும். எனவே மாற்றம் தவிர்க்க முடியாதது. ஆனால், அது எந்தத் திசையில் செல்கிறது என்பது முக்கியம். இங்கிலாந்தின் ஃபார்முலா ஃபோர்டு சாம்பியன் பட்டப் பிரிவு நவீனமாக வேண்டும் என்று 2012-ல் டர்போ என்ஜினுக்கு மாறியது, 2013-ல் காற்றழுத்த இறக்கைகளைச் சேர்த்தது, 2014-ஓடு முடிந்துபோனது. பழைய 1600 சி.சி. என்ஜினோடு நின்றுகொண்ட சங்கப் பந்தயங்களோ இன்றும் உயிரோடு இருக்கின்றன. இந்தியாவில் 2023-ல் தொடங்கிய ஃபார்முலா 4 பிரிவு பிரான்ஸின் மைகேல் நிறுவனக் கார்களைப் பயன்படுத்துகிறது. சர்வதேசத் தரத்துக்கு அது தேவையாக இருக்கலாம். ஆனால், அதையே முதல் படிக்கட்டாகக் கருதி, உள்நாட்டுக் கார்களின் பிரிவுகளைப் புறக்கணித்தால் கரிவரதன் அமைத்த அடித்தளம் சரிந்துவிடும்.

கட்டுப்பாடுகளை எதிர்ப்பவர்களின் வாதத்திலும் உண்மை இல்லாமல் இல்லை. மோட்டார் பந்தயம் பொறியியலின் விளையாட்டு. என்ஜினைத் தொடவே கூடாது என்றால் சாப்மன்களும் கரிவரதன்களும் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்கிறார்கள். வென்றவரின் காரில் எடை ஏற்றிச் சமன் செய்வது திறமைக்குத் தண்டனை என்றும் சொல்கிறார்கள். புதியவர்களின் திறமையைக் கண்டறிய வேண்டிய நிலையில் எடை ஏற்றுவது தவறு என்பது ஏற்கத்தக்கதே. ஆனால், கண்டுபிடிப்புக்கு இடம் தருவதும் அடிப்படை நிலையில் கட்டுப்பாடு விதிப்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. கையுழைப்பால் செய்யக் கூடிய மாற்றங்களை அனுமதித்து, விலை கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் மாற்றங்களைத் தடுப்பது சாத்தியம்தான். சஸ்பென்ஷனைச் சரிசெய்வதற்குத் தேவை அறிவு. அரிய உலோகத்தில் செய்த பாகத்துக்குத் தேவை பணம். இந்த இரண்டையும் பிரித்தறிவதே நல்ல விதியின் அடையாளம்.

ஒன்றில் மட்டும் சிக்கனத்துக்கு இடமில்லை. பாதுகாப்புக் கூண்டு, தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை, இருக்கைப் பட்டை ஆகியவை எந்தச் செலவுக் கணக்கிலும் வரக் கூடாது. 500 டாலர் கார்ப் பந்தயம்கூட அவற்றை வரம்புக்கு வெளியே வைத்ததன் காரணம் இதுவே. இவற்றை வாங்க இயலாத புதியவர்களுக்கு வாடகைக்கோ இரவலாகவோ கொடுக்கச் சங்கங்கள் முன்வர வேண்டும்.

கௌரவ் கில்லுக்கு 2019-ல் அர்ஜுனா விருது வழங்கப்பட்டபோது, மோட்டார் பந்தயமும் விளையாட்டுத்தான் என்பதை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அந்த அங்கீகாரம் கடமையையும் கொண்டு வருகிறது. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு விதி வகுக்கும் குழுக்களில், பெரிய அணிகளைச் சாராமல் சொந்தப் பணத்தில் ஓட்டுபவர்களுக்கும் இடம் அளிக்க வேண்டும். அடிப்படைப் பிரிவுகளின் விதிகளை ஐந்தாண்டுகளுக்காவது மாற்றுவதில்லை என்று உறுதி கூற வேண்டும். ஒவ்வொரு பந்தயத்திலும் முதல் மூன்று கார்களையும், குலுக்கலில் தேர்வாகும் ஒரு காரையும் எவரும் முறையிடாமலேயே பரிசோதித்து முடிவை வெளியிட வேண்டும். புதியவர்களின் பிரிவில் முறையீட்டுக் கட்டணம் பெயரளவுக்கே இருக்க வேண்டும். இவற்றுக்குப் பரிசோதகர்களைப் பயிற்றுவிக்கவும் கருவிகள் வாங்கவும் பணம் தேவைதான். அந்தச் செலவை ஆளுக்கு ஆள் போட்டியாளர் மீது சுமத்தாமல், பந்தயத்தின் பொதுச் செலவாக ஏற்பதே முறை.

புதிய சட்டம் தேசிய விளையாட்டு வாரியத்துக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்கும் விளையாட்டு வீரர்கள் குழுக்களுக்கும் வழி செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்பாயம் செட்டிபாளையத்துக்கு வந்து பிஸ்டனை அளக்கப் போவதில்லை. அந்தந்தத் தடத்திலேயே, அன்றைய மாலைக்குள், குறைந்த செலவில் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை ஏற்படுத்துவது சம்மேளனங்களின் பொறுப்பு. ஆனால், அந்தப் பொறுப்பை அவை நிறைவேற்றுகின்றனவா என்று கேட்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. பதவிகளைப் பற்றி மட்டுமே பேசி முடித்த அவைகள், அடுத்த முறை விளையாட்டு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கை வரும்போதாவது இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். குறைந்த பணத்தோடு வரும் ஓர் இளைஞரால் களத்தில் நுழைய முடிகிறதா, எதிராளியின் காரைப் பரிசோதிக்கச் சொல்ல முடிகிறதா, அடுத்த ஆண்டும் அதே காரோடு வர முடிகிறதா? இந்த மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லும் விதியே நியாயமான விதி.